பளபளப்பாகப் பராமரிக்கப்பட்ட நான்கு அறைகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் அது முடிவதில்லை. அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறார். நான் வாயைத் திறந்தால், "எல்லாரும் நல்லா இருக்கோம்னு சொல்லு" என்று கையால் ஜாடை காட்டுகிறார். நானும் கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்கிறேன். நீயும் அங்கே வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியின் வராந்தாவில் நின்றுகொண்டு, "நானும் நல்லா இருக்கேன்டி" என்கிறாய். உன் கால் வீக்கம் வற்றியதா என்று கேட்பதற்குள் உன் போன் கார்டு தீர்ந்துவிடுகிறது.

இத்துடன் எங்கள் பள்ளியின் ஆண்டு நிறைவுச் செய்தி மடலை வைத்திருக்கிறேன். மூன்று பக்கமும் என் கையெழுத்துதான். பெருமைப்படாதே. பெரிய டீச்சர், அதாவது எங்கள் தலைமையாசிரியை, சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "உன் எழுத்துதான் அச்சு மாதிரி இருக்கு" என்றார். அதை நகல் எடுத்து எல்லா வீடுகளுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். முந்நூற்று நாற்பது வீட்டில் என் கையெழுத்தில் பொய் இருக்கிறது.

முதல் பக்கத்தைப் பார். "நமது நூலகத்தில் அறுநூறு புத்தகங்கள் புத்தம் புதிதாக உள்ளன" என்று இருக்கும். அது உண்மை. யாரும் தொடாவிட்டால் எதுவும் புத்தம் புதிதாகத்தான் இருக்கும். கண்ணாடி அலமாரியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஐந்து வருடமாக நான் அந்தப் புத்தகங்களின் முதுகைத்தான் படித்திருக்கிறேன். ஒரு தடவை கேட்டதற்கு, "கிழிஞ்சுட்டா யார் பொறுப்பு?" என்றார் நூலக டீச்சர். கிழியாமல் இருப்பதுதான் புத்தகத்தின் வேலை என்று அவர் நினைக்கிறார்.

இரண்டாம் பக்கம் நினைவூட்டல்கள். பள்ளி வாசலில் பெற்றோர் வண்டி நிறுத்தக் கூடாது. (பெரிய டீச்சரின் கார் அங்கேதான் நிற்கும்.) காணாமல் போன பொருட்களை வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்: தண்ணீர் பாட்டில் நாற்பத்தொன்று, ஒற்றைச் செருப்பு ஏழு, ஏழும் இடது கால். ஏழு பேர் வலது கால் செருப்போடு மட்டும் வீட்டுக்குப் போனதை ஒரு டீச்சரும் கவனிக்கவில்லை. "குழந்தைகள் நாள்தோறும் போதுமான தண்ணீர் அருந்துவதைப் பெற்றோர் உறுதி செய்ய வேண்டும்." இந்த வரியை எழுதும்போது என் பேனா நின்றுவிட்டது. "என்ன, மை தீந்துடுச்சா?" என்று கேட்டு, பெரிய டீச்சர் தன் பேனாவைக் கொடுத்தார்.

ஏன் நின்றது என்று இப்போது சொல்கிறேன். மூன்றாம் பக்கத்தில், "புதிய கழிப்பறைக் கட்டடத்தின் நான்கு அறைகளும் ஆண்டு முழுவதும் பளபளப்பாகப் பராமரிக்கப்பட்டு, குழந்தைகள் அனைவருக்கும் திறந்திருக்கின்றன" என்று இருக்கிறதே, அந்தக் கட்டடம் திறப்பு விழா அன்று மட்டும் திறந்தது. ரிப்பன் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், பூட்டினார்கள். பிள்ளைகள் போனால் அழுக்காகிவிடுமாம். வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். நாங்கள் எல்லாரும் பின்பக்கத்துப் பழைய இரண்டு அறைக்குத்தான் போகிறோம். அதில் ஒன்றுக்குக் கதவு இல்லை. இன்னொன்றுக்கு இடைவேளையில் வரிசை மைதானம் வரைக்கும் நிற்கும்.

அந்த வரிசையில்தான் தம்பி நின்றான். மணி அடித்துவிட்டது. வகுப்புக்குப் போய்ச் சுண்டுவிரலைக் காட்டினான். இரண்டாம் வகுப்பு டீச்சர், "இப்பதானே இடைவேளை விட்டேன், உட்காரு" என்றார். உட்கார்ந்தான். உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டான். அன்றிலிருந்து அவனுக்கு வகுப்பில் 'ஒழுகல்' என்று பெயர். டீச்சரே ஒரு நாள் அப்படிக் கூப்பிட்டாராம், சிரித்துக்கொண்டே.

அவன் அழவில்லை அம்மா. அவன் ஒரு கணக்குப் போட்டான். தண்ணீர் குடித்தால்தானே வரும், குடிக்காவிட்டால் வராதே என்று. ஒன்றரை மாதம் பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தான். வாசல் செடிக்கு ஊற்றிவிட்டுக் காலி பாட்டிலை அப்பாவிடம் காட்டினான். அந்தச் செடி நன்றாக வளர்ந்திருக்கிறது. அவனுக்குத்தான் காய்ச்சல் வந்தது. உன்னிடம் ஊரெல்லாம் பரவுகிற காய்ச்சல் என்று சொன்னோம், அது பொய். மூத்திரத்தில் கிருமி என்றார் டாக்டர். "புள்ளை தண்ணியே குடிக்கிறதில்லையா? வீட்ல யாரும் பாக்குறதில்லையா?" என்று அப்பாவைத்தான் திட்டினார். அப்பா, "சரிங்க டாக்டர்" என்றார்.

அப்பா எல்லாருக்கும் 'சரிங்க' சொல்கிறார். பள்ளிச் சீருடை முழுவதும் அப்பாவின் தையல் கடையில் தைக்கக் கொடுக்கிறார்கள் இல்லையா, அதனால் பெரிய டீச்சர் தும்மினால்கூட, "சரிங்க டீச்சர்" என்பார். பூட்டைப் பற்றிப் போய்க் கேளுங்கள் என்று நான் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "விடும்மா, நமக்கெதுக்கு வம்பு" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவார். எழுதக் கூடாதுதான், ஆனால் உண்மையை எழுதுவதாகச் சொல்லிவிட்டேன்: எனக்கு அவரைப் பார்த்தால் சில நாள் எரிச்சலாக வருகிறது.

காய்ச்சலில் தம்பிக்கு இருபத்தொரு நாள் லீவு ஆகிவிட்டது. வருகைப் பதிவு குறைந்ததால் அவனை மறுபடியும் இரண்டாம் வகுப்பிலேயே உட்கார வைக்கப் போகிறார்களாம். ஒழுகல் என்று கூப்பிட்டவர்கள் எல்லாரும் மூன்றாம் வகுப்புக்குப் போக, அவன் மட்டும் அதே டீச்சரிடம், அதே பெஞ்சில். வெள்ளிக்கிழமை ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நான்தான் மடலை மைக்கில் வாசிக்க வேண்டும். "நல்லா கணீர்னு வாசி, உன் தம்பி விஷயத்தைப் பாக்கலாம்" என்று பெரிய டீச்சர் சொல்லியிருக்கிறார். அவர் மேசையில் 'வாய்மையே வெல்லும்' என்று எழுதிய பலகை ஒன்று இருக்கிறது. அதைத் துடைக்கும் வேலையும் எனக்குத்தான்.

நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. மீதியை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன்.

உன் அன்பு மகள்

*

அன்புள்ள அம்மாவுக்கு,

முதல் கடிதம் உன் கைக்கு வந்ததோ இல்லையோ, இதையும் சேர்த்துப் படித்துவிடு. வெள்ளிக்கிழமை முடிந்தது.

நான் வாசித்தேன். ஒரு சொல் மாற்றாமல் வாசித்தேன். மேடையேறி உண்மையைச் சொல்லிவிடுகிற பெண்கள் கதைகளில் வருவார்கள். நான் அவர்களைப் படித்திருக்கிறேனே தவிர அவர்களில் ஒருத்தி இல்லை. "நான்கு அறைகளும் பளபளப்பாக" என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, அழகாக வேறு வாசித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். பெற்றோர் சங்கத் தலைவர், மைக்கை விடவே மாட்டார் என்பதால் நாங்கள் அவரை மைக் மாமா என்போம், "பாருங்க, என்ன உச்சரிப்பு!" என்றார். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. பள்ளியில் எனக்குப் பிடிக்காதவர்கள் பட்டியல் ஒன்று வைத்திருந்தேன், அன்றைக்கு அதில் என் பெயரையும் எழுதிக்கொண்டேன்.

கீழே இறங்குவதற்குள் இரண்டாம் வகுப்பு வரிசையிலிருந்து தம்பி எழுந்தான். யாரிடமும் விரலைக் காட்டவில்லை. நேராகப் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனான். ஹால் ஜன்னல்கள் எல்லாம் புதிய கட்டடத்தைப் பார்த்துத்தான் இருக்கின்றன, வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்று அப்படிக் கட்டினார்கள். அதனால் எல்லாரும் பார்த்தார்கள். அவன் அங்கே போய்க் கதவைத் தள்ளினான். பூட்டு ஆடியது. அடுத்த கதவைத் தள்ளினான். நான்கையும் தள்ளிவிட்டு, கால்களைப் பின்னிக்கொண்டு நின்றான்.

பிறகு நான் கேட்டேன், ஏன்டா பழைய இடத்துக்குப் போகாமல் அங்கே போனாய் என்று. "நீதானே அக்கா மைக்ல சொன்னே, எல்லாருக்கும் தொறந்திருக்குன்னு" என்றான். அவன் என்னை நம்பியிருக்கிறான் அம்மா.

அவன் அங்கே நிற்க, நான் மேடைப் படியிலேயே நின்றேன். மைக் மாமா, "குழந்தைங்கன்னா அப்படித்தான், ஹி ஹி" என்று சமாளித்தார். அதிகாரி ஒருவர் சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவர் அப்போது பார்த்து விழித்துவிட்டார். பின் வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சென்றது. அப்பா எழுந்து வந்தார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது, கடையிலிருந்து ஓடி வந்தவர் கழற்ற மறந்திருக்கிறார். மேடைக்குக் கீழே நின்று கையை நீட்டினார். "சாவி குடுங்க டீச்சர்" என்றார்.

பெரிய டீச்சர், "நிகழ்ச்சி நடந்துட்டு இருக்குங்க, அப்புறம் பேசலாம்" என்றார். அப்பா கையை மடக்கவில்லை. "இப்ப வந்ததை அவன் அப்புறம் எப்படிங்க போவான்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சட்டைக்கு அளவு கேட்கிற மாதிரியேதான் கேட்டார். யாரோ ஓர் அம்மா பக்கென்று சிரித்துவிட்டார். பெரிய டீச்சர் கைப்பையில் தேடினார், மேசையில் தேடினார். கடைசியில் பெருக்குகிற ஆயாம்மாதான், "உங்க மேசையில அந்த வாய்மைப் பலகைக்குப் பின்னாடி வச்சிருக்கீங்களே" என்று போய் எடுத்துவந்து கொடுத்தார்.

அப்பா ஓடினார். முதல் அறையைத் திறந்தார். உள்ளே உடைந்த நாற்காலிகளும் போன வருடத்துச் செய்தி மடல் கட்டுகளும் கூரை வரைக்கும் இருந்தன. இரண்டாவதில் பீங்கானுக்குப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அப்பா பல்லால் கிழித்துப் பிரித்தார். தம்பி உள்ளே போனான். நனையவில்லை அம்மா, அதை முதலில் எழுதியிருக்க வேண்டும். குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வந்தது. தண்ணீர்க் குழாயே இணைக்கவில்லையாம். இரண்டு வருடமாகப் பூட்டி வைத்துக் காப்பாற்றிய கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை என்பது அவர்களுக்கே அன்றுதான் தெரிந்தது. அப்பா மைதானத்துக் குழாயில் வாளி நிரப்பி, எல்லா ஜன்னலும் பார்க்கத் தூக்கிக்கொண்டு நடந்தார். அதற்குள் தம்பிக்குப் பின்னால் இரண்டாம் வகுப்பில் பாதிப்பேர் வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒருவனும் ஒழுகல் என்று கூப்பிடவில்லை. "டேய், சீக்கிரம் வாடா" என்றுதான் கூப்பிட்டார்கள். அப்பா ஆறு வாளி சுமந்தார்.

கூட்டம் முடிந்ததும் எங்களை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். தம்பியின் மதிப்பெண் அட்டை மேசையில் இருந்தது, கொடுக்கவில்லை. விழாவைக் கெடுத்ததற்குப் பெற்றோர் மன்னிப்புக் கடிதம் தர வேண்டுமாம். பள்ளி திறப்பதற்குள் அது வந்தால் மூன்றாம் வகுப்பு, வராவிட்டால் இரண்டாம் வகுப்பு. சீருடை வேலையையும் வேறு கடைக்குக் கொடுப்பது பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்றார் பெரிய டீச்சர். அப்பா கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றிச் சுருட்டினார். பெரிய டீச்சர் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து ஆட்டினார். "உங்க சம்சாரத்துக்கு இருக்கிற மரியாதை உங்களுக்கு இல்லையே. போன தடவை இவன் வகுப்புல நனைச்சப்ப நான் ஒரு போன்தான் பண்ணேன், எவ்வளவு அழகா எழுதி அனுப்பினாங்க பாருங்க" என்றார்.

எனக்கு எழுத்தைத் தலைகீழாகவும் படிக்க வரும். அது உன் கையெழுத்து. "என் மகனுக்கு வீட்டில் சரியாகப் பழக்கம் சொல்லித் தராதது என் தவறு. நான் அருகில் இல்லாததால் நேர்ந்தது. தயவுசெய்து மன்னியுங்கள்" என்று எழுதியிருந்தாய்.

உனக்குத் தெரியாது என்று நினைத்து, போன கடிதத்தில் அவ்வளவையும் விளக்கியிருந்தேன். உனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீயும் ஜாடை காட்டுகிறவள்தான் போலிருக்கிறது. இதை எழுத ஆரம்பித்தபோது எனக்குக் கோபமாக இருந்தது. இப்போது இல்லை. இராத்திரி டூட்டி முடிந்து வீங்கிய காலோடு உட்கார்ந்து, செய்யாத தப்பை அவ்வளவு அழகாக நீ எழுதியிருக்கிறாய். நானும் அப்படித்தான் எழுதினேன், மூன்று பக்கம்.

அப்பா வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத் தாளும் பேனாவும் வாங்கி வைத்தார். இரண்டு நாளாக அது அப்படியே இருக்கிறது. இன்று மெஷினை நிறுத்திவிட்டு, "எனக்கு எழுத வராது. உங்கம்மா முடிவு பண்ணட்டும், அவ எழுதுனா எழுதட்டும்" என்றார். கடைக்கு வந்த மாடி வீட்டு அத்தை, "ஒரு தாள்ல என்னடா குறைஞ்சுடப் போவுது, எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றார். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். குறையும் அம்மா. தம்பி இப்போது தண்ணீர் குடிக்கிறான். ஒரு நாளைக்கு மூன்று பாட்டில். குடித்துவிட்டு, "அப்பா, இன்னும் ஊத்துங்க" என்கிறான். தான் செய்தது சரிதான் என்று அவனுக்கு இப்போது தெரியும். நீ மன்னிப்புக் கேட்டால், அது தப்பு என்று அவன் மறுபடியும் நினைத்துக்கொள்வான்.

அதனால் உன்னை ஒன்றே ஒன்று கேட்கிறேன். எழுதாதே. அவன் இரண்டாம் வகுப்பிலேயே உட்கார்ந்தாலும் பரவாயில்லை. மூன்றாம் வகுப்புப் பாடங்களை நான் வீட்டில் சொல்லித் தருகிறேன், அந்த டீச்சரைவிட நன்றாகவே சொல்லித் தருவேன். கட்டாயம் எதையாவது எழுதியே ஆக வேண்டும் என்றால், அப்பாவுக்கு எழுது. அந்த ஆறு வாளியைப் பற்றி எழுது. அவர் என்னைப் படித்துக் காட்டச் சொல்வார், நான் கணீரென்று வாசிப்பேன்.

கடவுள் உன் காலைச் சீக்கிரம் குணமாக்கட்டும். அங்கே நீயும் வேளைக்குத் தண்ணீர் குடி.

உன் அன்பு மகள்

பின்குறிப்பு: தையல் மெஷின் மேசையில் வைத்து எழுதுகிறேன், கடைசி வரிகள் கோணலாக இருக்கும். அப்பா கடை விளக்குகளை அணைத்துவிட்டார்.