நீங்கள் தொடவிடாத தொட்டி

அன்புள்ள மாமா,

கடலூர் முதுநகர் வீட்டுக் கக்கூஸில் ஃப்ளஷ் தொட்டியைச் சரிசெய்துவிட்டேன். இப்படி ஆரம்பிக்கிற அஞ்சலிக் கடிதம் உலகத்திலேயே இருக்காது என்று எஸ்தர் தலையில் அடித்துக்கொள்கிறாள். உங்கள் மகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் உங்களுக்குச் சொல்ல என்னிடம் இதைவிடப் பெரிய சேதி வேறு இல்லை.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. சபையில் நினைவு ஜெபத்துக்குச் சொல்லியிருக்கிறோம். அன்றைக்கு எல்லாரும் உங்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசுவார்கள். மூத்த மாப்பிள்ளை என்கிற முறையில் நானும் பேசுவேன். அங்கே பேச முடியாததை இங்கே எழுதுகிறேன். கோபமாகத்தான் எழுதுகிறேன், மாமா. செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். வேறு யார்மேல் படுவது?

உங்களுக்கு என் வேலை முதலிலிருந்தே பிடிக்கவில்லை. 2006இல் பெண் கேட்டு வந்தபோது, பையன் சிதம்பரத்தில் சானிட்டரி கடையில் இருக்கிறான் என்று சொன்னோம். என்னென்ன சாமான் விற்கிறீர்கள் என்று கேட்டீர்கள். என் பெரியப்பா விவரமாக டைல்ஸையும் பைப்பையும் சொல்லி அதோடு நிறுத்திக்கொண்டார். நீங்கள் விடுகிற ஆளா? அடுத்த வாரமே பஸ் ஏறிக் கடைக்கு வந்துவிட்டீர்கள். வரிசையாக வெள்ளை வெள்ளையாய் க்ளோசெட்டுகள், நடுவில் நான் ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறேன். ரோட்டிலேயே நின்று பார்த்துவிட்டு, உள்ளே வராமலே திரும்பிப் போனீர்கள். எஸ்தர் பிடிவாதம் பிடித்ததால் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகும் சொந்தக்காரர்களிடம் “மாப்ள டைல்ஸ் கம்பெனில இருக்காரு” என்றுதான் சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

காரணம் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்கள் அப்பா அதே முதுநகரில் எடுப்புக் கக்கூஸ் அள்ளினவர். தகரத்தால் வழித்து, வாளியில் நிரப்பி, தலையில் சுமந்து கொண்டுபோய்க் கொட்டினவர். பள்ளிக்கூடம் போகிற வழியில் அவர் எதிரே வந்தால் நீங்கள் வேறு தெருவில் திரும்பிவிடுவீர்களாம். எஸ்தர் இதைச் சொன்னபோது அவள் குரலே மாறிவிட்டது. என் அப்பா குமராட்சிப் பக்கம் நாற்று நட்டவர். எங்களுக்குச் சேறு தெரியும், அந்த வாளி தெரியாது. அதனால் உங்கள்மேல் கோபப்பட எனக்குப் பாதி உரிமைதான் உண்டு. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

நீங்கள் படித்தீர்கள், அரசாங்க ஆபீசில் கிளார்க் ஆனீர்கள், ஓய்வு பெற்ற கையோடு வீடு கட்டினீர்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் காட்டியது ஹாலை அல்ல, கக்கூஸை. அந்த லிவரை அழுத்திக் காட்டுவீர்கள். தண்ணீர் சுற்றிக்கொண்டு இறங்குவதைப் பார்த்தபடி நிற்பீர்கள். “அழுத்தினா போதும், தானா போயிடும். ஒரு மனுஷன் கிட்ட வரவேணாம்” என்பீர்கள். வந்தவர்கள் சங்கடத்தோடு தலையாட்டுவார்கள். ஏன் அதைக் காட்டினீர்கள் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

2009இல் அந்தத் தொட்டி ஒழுக ஆரம்பித்தது. உள்ளே ஆள் இல்லாமலே தண்ணீர் ஏறுகிற சத்தம் வரும். கொஞ்ச நேரத்தில் நிற்கும், மறுபடி வரும். ஹாலில் உட்கார்ந்திருந்த எனக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. தொட்டியின் அடியில் ஒரு ரப்பர் உட்கார்ந்திருக்கும். உப்புத் தண்ணீரில் அது விறைத்துப்போனால் சரியாக மூடாது. தண்ணீர் சத்தமில்லாமல் க்ளோசெட்டுக்குள் கசியும், மிதவை கீழே இறங்கும், குழாய் தானாகத் திறந்து மறுபடி நிரப்பும். நாள் முழுக்க இதே கதைதான். மாடித் தொட்டியில் ஏற்றுகிற தண்ணீரெல்லாம் இப்படியே போய்விடும். அடுத்த முறை வரும்போது ரப்பர் கொண்டுவந்து மாட்டிவிடுகிறேன் என்றேன்.

நீங்கள் காபி டம்ளரைக் கீழே வைத்தீர்கள். “மாப்ள, இந்த வூட்டுல சோறு திங்கிற கை அதுல படக்கூடாது” என்றீர்கள்.

தொட்டிக்குள் இருப்பது நல்ல தண்ணீர், சமையலறைக் குழாயில் வருகிற அதே தண்ணீர் என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். எந்தத் தண்ணீராக இருந்தாலும் அது இருக்கிற இடம் கக்கூஸ் என்று சொல்லிவிட்டீர்கள். அதற்குமேல் மாமனாரிடம் வாதாட முடியுமா?

சரி, வெளி ஆளையாவது கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டீர்கள். கடைத்தெரு பிளம்பர் ஒருவர் எந்தத் தெரு, என்ன வேலை என்று கேட்டுவிட்டு, அந்த மாதிரி வேலைக்கு உங்கள் ஆட்களிலேயே யாராவது இருப்பார்களே என்றாராம். அப்படியே திரும்பி வந்தீர்கள். இன்னொருவர் தானாகவே வீட்டுக்கு வந்தார். அவர் யார் பேரன் என்று விசாரித்தீர்கள். உங்கள் அப்பாவோடு வாளி தூக்கினவரின் பேரன் என்று தெரிந்ததும் உட்காரவைத்துக் காபி கொடுத்து, ரிப்பேர் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டீர்கள். ஊரார் தொடமாட்டார்கள், நம்மவர்களைத் தொட விடமாட்டீர்கள். பிறகு யார்தான் அதைச் சரிசெய்வது?

ஒருமுறை ரப்பரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டே வந்தேன். எப்படி மோப்பம் பிடித்தீர்களோ, பாத்ரூம் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பேப்பரை விரித்துவிட்டீர்கள். நான் கிளம்புகிறவரை எழுந்திருக்கவில்லை. ஒரு பேப்பரில் அவ்வளவு நேரம் படிக்க என்ன இருந்தது?

நீங்கள் கண்டுபிடித்த வழி அந்த ஆங்கிள் வால்வு. க்ளோசெட்டுக்குப் பின்னால், சுவரோரம், தரையை ஒட்டி இருக்கிற சின்னத் திருகு. போகும்போது குனிந்து திறப்பது, வரும்போது குனிந்து மூடுவது. கரண்டு கட் ஜாஸ்தியானபோது இதை வீட்டுச் சட்டமாகவே ஆக்கிவிட்டீர்கள். மோட்டார் ஓடாத வீட்டில் தண்ணீரைக் காப்பாற்ற வேண்டாமா? மூட்டுவலியோடும் சர்க்கரையோடும், ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தீர்கள். எஸ்தர் போனில் அழுதாலும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை சபைக்குப் போயிருந்தார். உங்களுக்கு முட்டி வலி, போகவில்லை. அத்தை திரும்பி வந்து கூப்பிட்டிருக்கிறார், பதில் இல்லை. கதவைத் தள்ளினால் உங்கள் கால் தடுத்ததாம். க்ளோசெட் விளிம்பில் தலை அடிபட்டிருந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நீங்கள் கண்ணைத் திறக்கவே இல்லை.

அடக்கம் முடிந்து எல்லாரும் போன பிறகு நான் பாத்ரூமுக்குள் போனேன். வால்வு பாதி மூடியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். விழும்போது என்ன நினைத்தீர்கள், மாமா? எங்களை யாரையாவது கூப்பிட்டீர்களா?

அத்தை சிதம்பரத்துக்கு வரமாட்டேன் என்றுவிட்டார். தனியாகத்தான் இருக்கிறார். போன மாதம்வரை நீங்கள் செய்ததையே அவரும் செய்தார். பிரஷர் மாத்திரை போடுகிறவர், எழுந்தாலே தலை சுற்றுகிறது. அவரும் குனிந்து திறந்தார், குனிந்து மூடினார். நான் சரிசெய்கிறேன் என்றால் நீங்கள் வேண்டாம் என்றதைச் சொல்வார். உயிரோடு இருந்தபோது மதித்த வார்த்தையைச் செத்த பிறகு மீறலாமா என்று கேட்பார். எஸ்தர் தினமும் போன் போடுவாள். மணி அடித்து எடுக்கத் தாமதமானால் அவள் முகம் வெளுத்துவிடும். அந்த வீடு இரண்டாவது ஆளையும் வாங்கிவிடும் என்கிற பயம் எங்களை விடவில்லை.

போன மாதம் கடலூருக்குச் சரக்கு இறக்க வந்தவன் அப்படியே வீட்டுக்குப் போனேன். அத்தை என் முன்னால் காபியை வைத்துவிட்டுப் பாத்ரூமுக்குப் போனார். வாளி உருளுகிற சத்தம் கேட்டது. ஓடினேன். தரையில் உட்கார்ந்திருந்தார், ஒரு கை க்ளோசெட்டைப் பிடித்திருந்தது. அடி ஒன்றும் இல்லை. தூக்கிக்கொண்டு வந்து பாத்ரூம் வாசலில் நாற்காலியில் உட்காரவைத்தேன்.

அப்புறம் நான் யாரையும் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டுத் தொட்டியின் மூடியைத் தூக்கினேன். பையில் ரப்பர் இருந்தது, அந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் இருக்கும். அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பார்த்தார். உள்ளே தெளிந்த தண்ணீர், ஓரத்தில் உப்புப் படிவு, அடியில் கல்லாய்ப்போன ஒரு ரப்பர். அதை எடுத்துப் போட்டேன், புதியதை மாட்டினேன், வால்வை முழுக்கத் திறந்தேன். தண்ணீர் ஏறி நின்றது. காத்திருந்தோம். மறுபடி சத்தம் வரவில்லை.

“முடிஞ்சுதா?” என்று கேட்டார்.

முடிந்தது என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

“இவ்ளோதானா?”

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவன் அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன். நாற்காலியின் கையைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தேன்.

“இதுக்கா மாப்ள அவரு போனாரு?”

அந்த நிமிஷத்தில் நான் அந்த ரப்பரை மாட்டாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. இத்தனை நாள் அத்தை அதைப் பெரிய வேலை, அசிங்கமான வேலை, ஆளால் ஆகாத வேலை என்று நினைத்திருந்தார். அதற்காக உயிர் போனது என்றால் ஒரு மாதிரி தாங்கிக்கொள்ள முடிந்திருக்கிறது. இந்தத் துண்டு ரப்பரை எப்படித் தாங்குவார்?

பொய் சொன்னேன், மாமா. “இல்ல அத்தை, இது சும்மா ஒட்டு வேலை. உள்ள பைப்பே போயிருக்கு. செவுத்த ஒடைச்சாதான் ஆவும். மாமா தெரிஞ்சுதான் வேணாம்னிருக்காரு” என்றேன்.

அத்தை மூச்சை விட்டார். “அதான பாத்தேன்” என்றார். “அவரு காரணமில்லாம சொல்லமாட்டாரு.”

சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே. அடுத்த லீவில் எஸ்தரோடு புதுத் தொட்டி, பைப், உளி, சிமெண்டு எல்லாம் ஏற்றிக்கொண்டு போனேன். எந்தக் குறையும் இல்லாத சுவரை உடைத்தேன். நன்றாக இருந்த பைப்பைப் பிடுங்கிப் போட்டேன். காலையில் ஆரம்பித்து விளக்கு வைக்கிற நேரம்வரை வீடு முழுக்கத் தூசி. வால்வைத் தோள் உயரத்துக்கு ஏற்றிவிட்டேன், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் அடித்தேன். அதுவாவது உபயோகம். அத்தை டீ போட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டு அம்மாவிடம் எவ்வளவு பெரிய வேலை என்று சொல்லிக்கொண்டிருந்தார். எஸ்தர் செங்கல் துண்டுகளை அள்ளிக் கொட்டினாள். திரும்பி வருகிற பஸ்ஸில் சிதம்பரம் வரைக்கும் அழுதாள்.

அத்தை இப்போது குனிவதில்லை. போன் முதல் மணியிலேயே எடுக்கிறார். அவர் பைபிளைத் தவிர வேறு எழுத்தைக் கையில் எடுப்பதில்லை, அதனால் இது அச்சில் வந்தாலும் அவர் கண்ணில் படாது. படிக்கிற மற்றவர்கள் தயவுசெய்து அவரிடம் சொல்லிவிட வேண்டாம்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அத்தை இருக்கிறவரைக்கும் அது பெரிய வேலையாகவே இருக்கும். சபையில் எழுந்து பேசினாலும் அப்படியே பேசுவேன், என் பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிவைப்பேன். உங்களிடம் மட்டும் என்னால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை. சின்ன வேலைதான், மாமா. அத்தை வைத்த காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

உங்கள் மூத்த மருமகன்,
ஜெயசீலன்