இறங்குவது மத்தியானப் பாடம்

பிரிக்பீல்ட்ஸ்,
டிசம்பர் 1996

அன்புள்ள சீதாவுக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: போன செவ்வாய்க்கிழமை வகுப்பே வேடிக்கை பார்க்க உன் புருஷன் உத்தரத்தில் உறிப்பானை மாதிரி தொங்கினான். மற்றபடி உடம்பு சௌக்கியம். உன் மூட்டுவலி தேவலையா?

கான்டிராக்டர்களுக்குப் பாதுகாப்பு விதிகளைச் சொல்லித்தரப் போகிறவர்களுக்கு நான் வாத்தியார் அல்லவா? இந்த பேட்ச் தேறிவிட்டால் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விடலாம் என்று பாஸ் சொல்லியிருந்தார். அந்த ஆசையில், உயரத்தில் வேலை செய்பவன் தவறினால் பெல்ட் எப்படித் தாங்கும் என்று நானே மாட்டிக்கொண்டு காட்டினேன். நன்றாகவே தாங்கியது. இறங்கத்தான் முடியவில்லை.

"ரெங்கசாமி, இறக்கிவிடுப்பா!" என்று முன்னால் நின்ற இந்த ஊர் மாணவனிடம் கெஞ்சினேன்.

"இறக்குறது மத்தியானப் பாடம் லா, சார். சொல்லித்தராததைத் தொடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சிரிப்புச் சத்தம் கேட்டு பாஸ் வந்துவிட்டார். "ஆளை மாட்டுறதுக்கு முன்னாடியே இறக்க வழி பார்க்கணும்னு இனி எவனும் மறக்கமாட்டான். அடுத்த பேட்சுக்கும் நீங்களே தொங்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் காலடியில் குட்டி ஸ்டூல் போடச் சொன்னார். பொங்கல் போச்சு, சீதா. இனி சித்திரைக்குத்தான்.

உன் பழைய தலையணை உறை ஒன்று அனுப்பு. துவைக்காதே, தபாலில் எப்படியும் அழுக்காகிவிடும். எனக்குச் சட்டை தைக்கக் கொடுத்தால் பழைய அளவு வேண்டாம், கொஞ்சம் இளைத்திருக்கிறேன்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வேன்காரன் ஹாரன் அடிக்கிறான். பயந்துவிடாதே, தொங்கியபோது என் காலுக்கும் தரைக்கும் ஒரு சாண்தான் இடைவெளி.

உன்
கோதண்டம்