பிரிக்ஸ்டன் மேடையில் உன் தட்டுக் கவிதை

அன்புள்ள குணம் மச்சான்,

நீ இறந்த இந்த இரண்டு வருடத்தில் உன் இலக்கிய வாழ்க்கை நன்றாக முன்னேறியிருக்கிறது. சனிக்கிழமை பிரிக்ஸ்டனில் நடந்த கரீபிய இலக்கிய விழா நிரலில், ‘இந்த ஊர் எழுத்தாளர்கள்’ என்பதன் கீழ் உன் பெயர். உன் அகதி மனுவுக்குக் கடைசிவரை கிடைக்காத பதில் அது.

எல்லாம் பேர்ல் செய்த வேலை. சட்டன் ஆஸ்பத்திரிச் சமையலறையில் உன்னோடு தட்டுக் கழுவிய பேர்ல், இப்போது விழாக் குழுவில். பார்படோஸ், டிரினிடாட் என்று பெரிய எழுத்தாளர்கள் விமானத்தில் வந்திருக்க, குணம் கரீபியன் இல்லையே என்று பேர்லிடம் கேட்டேன்.

“எங்களோட நிண்டு தட்டுக் கழுவினவன். வேற என்ன பாஸ்போட் வேணும்?” என்று தன் ஆங்கிலத்தில் சீறினார்.

நோயாளிகள் தட்டில் மிச்சம் விட்டதைப் பார்த்து அவர்கள் கதையைச் சொல்லும் உன் கவிதையை வாசிக்கவேண்டியவன் நான். முன்பு ஃபாரஸ்ட் கேட் தமிழ்க் கூட்டத்தில் நீ அதை வாசித்தபோது, “ஊர் எரியேக்க இவர் எச்சில் தட்டைப் பாடுறார்” என்று எழும்பிச் சொன்னவனும் நானே. நீ சிரித்துவிட்டு உட்கார்ந்தாய். பிறகு எங்கேயும் வாசிக்கவில்லை. சபையில் செய்த பிழையைச் சபையில் திருத்த எனக்கு ஐந்து நிமிடம் தந்தார்கள்.

ஆங்கில மொழிபெயர்ப்பை நாலு வரி வாசித்திருப்பேன். பின்வரிசையில் ஒருவர் கத்தினார். இன்னொருவர் முன்னாலிருந்த கதிரையின் முதுகில் அடித்தார். நம் கூட்டங்களில் இதற்கு அடுத்த கட்டம் மைக்கைப் பறிப்பது. நான் தாளை மடித்து, நன்றி சொல்லி, கௌரவமாக இறங்கினேன்.

முன்வரிசையிலிருந்து உன் தங்கை பாய்ந்து வந்தாள். “எங்கையப்பா ஓடுறியள்?”

“குழப்பம் பண்ணுறாங்கள், தெரியேல்லையே?”

“ஐயோ, அந்த வரியைத் திருப்பி வாசிக்கச் சொல்லுறாங்கள்! ஏறுங்கோ!”

பிடித்தால் கத்துவது அங்கே வழக்கமாம். பிடித்தாலும் கொட்டாவியை அடக்கிக்கொண்டிருக்கும் இனத்தவனுக்கு எப்படித் தெரியும்? மீண்டும் ஏறினேன். கஞ்சியை மட்டும் தொட்ட கிழவரின் தட்டு வந்ததும் ஒரு ஜமேக்கா அம்மா எழும்பி, “அதை நானும் கழுவினனான்!” என்றார். மண்டபமே ஆமோதித்தது. முடிந்ததும் தமிழிலும் வாசிக்கச் சொன்னார்கள். ஒரு சொல்லும் விளங்காத சனம், உன் தமிழை அசையாமல் கேட்டது. உனக்குக் கேட்டதா?

நான் அன்று சொன்னது பிழை, மச்சான். வருகிற மாதம் ஃபாரஸ்ட் கேட்டில், அதே ஆட்களுக்கு முன்னால், அதை வாசிக்கப் போகிறேன். யாராவது எழும்பி ஏதாவது சொன்னால் இறங்கமாட்டேன். முதல் வரியிலிருந்து திருப்பி வாசிப்பேன்.

உன் தங்கையைக் கட்டிய,
சிவம்