சுவரோரத்து மரவாங்கு

அக்கா,

இன்று பின்னேரம் வெள்ளைச் சட்டைக்கு ஸ்திரிக்கை போட்டேன். துணி அதிகமாய்க் காய்ந்திருந்தது. கையால் தண்ணீர் தெளித்துப் பெட்டியை அழுத்தியதும், ஈரப் பருத்தி சூட்டில் வேகும் அந்த மணம் எழும்பியது. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். சுவிஸ் மலைகளுக்குள் இருக்கும் இந்த எங்கடினுக்கு வருகிறவர்கள் புதுப்பனியின் மணத்தைப் பற்றியும் பைன் மரத்தின் மணத்தைப் பற்றியும் சொல்லுவார்கள். எனக்கு இந்தப் பள்ளத்தாக்கின் மணம் இதுதான். ஹோட்டலின் நிலவறையில் நீங்களும் நானும் வேலை செய்த சலவையறையின் மணம்.

இந்த மடலை நீங்கள் வாசிக்கப் போவதில்லை. உயிரோடு இருந்திருந்தாலும் வாசித்திருக்கமாட்டீர்கள். தமிழில் உங்களுக்குத் தெரிந்தவை இரண்டே சொற்கள். ஒன்று ‘அக்கா’. மற்றது ‘போதும்’. படுக்கை விரிப்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து மடிக்கும்போது நான் வேண்டுமென்றே பலமாய் இழுப்பேன். நீங்கள் “போதும், குலம், போதும்” என்பீர்கள். மீதியெல்லாம் ஜேர்மனில்தான் கதைத்தோம். ஆனால் நீங்கள் சொன்னவை எல்லாம் எனக்கு யாழ்ப்பாணத் தமிழிலேயே ஞாபகம் இருக்கின்றன. அதற்கு நான் பொறுப்பில்லை.

சட்டை இன்று மாலைக் கூட்டத்துக்கு. நம் ஊராட்சியை, இவர்கள் சொல்லும் கெமைண்டேயை, கீழே உள்ள இரண்டு ஊர்களோடு சேர்த்து ஒன்றாக்கிவிடலாமா என்று இன்று வாக்கெடுக்கிறார்கள். ஆட்கள் குறைந்துவிட்டார்களாம், பதவிக்கு நிற்க ஒருவரும் முன்வருகிறார்கள் இல்லையாம். தலைவர் வீடு வீடாய்ப் போய்ப் பணிவாய் விளக்கினார். அவர் நல்ல மனிதர். அதனால் என் கோபம் இன்னும் கூடிப்போயிற்று.

நான் ஏற்கெனவே ஒரு ஊர்ச்சபையை இழந்தவன் அல்லவா? நான் நாட்டைவிட்டு வெளிக்கிட முந்தியே எங்கள் கிராமசபையை மேலிடத்தில் கலைத்துவிட்டார்கள். எங்களை ஒருவரும் கேட்கவில்லை. பிறகு நடந்தவற்றை உலகம் அறியும். அந்தப் பெரிய அழிவுகளுக்கு நடுவே கிராமசபைக்காக ஆர் அழுவார்? நான் மட்டும் அதை மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

சலவையறைக்கு வந்த முதல் கிழமையே அதை உங்களிடம் சொன்னேன். எண்பதுகளின் நடுப்பகுதி. என் ஜேர்மன், விருந்தினர் விட்டுப்போன பத்திரிகைகளை வைத்து நானே எழுத்துக்கூட்டிப் படித்த ஜேர்மன். நான் சொன்னதில் பாதிதான் உங்களுக்கு விளங்கியிருக்கும். அந்தப் பாதிக்கே விரிப்பின் உங்கள் பக்கத்து நுனியைக் கீழே விட்டுவிட்டீர்கள்.

“ஊரைக் கேளாமலோ?”

“ஓம்.”

“முழு ஊரையும் கேளாமலோ?”

“ஓம் அக்கா. ஒருத்தரையும் கேக்கேல்லை.”

இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து எல்லாரும் என்னிடம் சண்டையைப் பற்றித்தான் கேட்டிருந்தார்கள். ஊர்ச்சபையைப் பற்றிக் கேட்டது நீங்கள் ஒருவர்தான்.

அன்று நீங்கள் மேசையைத் துடைத்துவிட்டு, கூடையில் கிடந்த மரக் கிளிப்புகளை எடுத்து வரிசையாய் வைக்கத் தொடங்கினீர்கள். மேசையின் ஓரம் உங்கள் வடகடல். ஜேர்மனியின் வடமேற்கு மூலை, வட பிரீசியர்களின் கரை. ஒவ்வொரு கிளிப்பும் ஒரு கெமைண்டே. சில கிளிப்புகளைத் தண்ணீர் தேங்கி நின்ற இடத்திலேயே வைத்தீர்கள். அவை தாழ்ந்த தீவுகள். மாரியில் கடல் வயலுக்குள் வந்துவிடும், மண்ணைக் குவித்து உயர்த்திய மேடுகளின் மேல் வீடுகள் மட்டும் தண்ணீருக்கு மேலே நிற்கும். உங்கள் ஊர் அப்படி ஒன்று. எல்லா வீடுகளும் சேர்ந்தால் இந்த ஹோட்டலின் ஒரு மாடிக்குக் காணாது என்றீர்கள்.

“அதுக்கு ஒரு கெமைண்டேயோ?” என்று சிரித்தேன்.

“ஏன் சிரிக்கிறாய்? அவ்வளவு சின்ன ஊருக்கு உறுப்பினர் சபை தேவையில்லை. வயசுக்கு வந்த எல்லாருமே சபைதான். எங்கடை குசினி மேசையிலைதான் கூட்டம். நான் கை தூக்கினால் கடற்கட்டுக்குக் கல்லு வரும்.”

“எழுத்து வேலையெல்லாம் ஆர் பாக்கிறது?”

வெறும் கூடையை எடுத்துக் கிளிப்புகளின் நடுவே வைத்தீர்கள். “இது கந்தோர். பக்கத்து ஊர்கள் எல்லாத்துக்கும் பொதுவாய் ஒண்டு. சம்பளத்துக்கு எழுதுறவை அங்கை இருப்பினம். ஆனால் முடிவு எடுக்கிறது கிளிப்தான். கூடை இல்லை.”

அக்கா, அரசியல் பற்றி நான் எவ்வளவோ புத்தகங்களைப் புரட்டியிருக்கிறேன். அந்தக் கூடையைப் போல ஒன்றும் எனக்குத் தெளிவாய் விளங்கியதில்லை.

நீங்கள் மலை ரயிலில் வேலை செய்த ஒருவரைக் கட்டி இங்கே வந்தீர்கள். கட்டியதோடு சுவிஸ் குடியுரிமை கிடைத்தது, ஊரில் வாக்குப் போனது. இந்த மாநிலத்தில் ஊர் விவகாரங்களில் பெண்களுக்கு வாக்குக் கொடுப்பதா என்று ஒவ்வொரு ஊரும் தானே முடிவு செய்யலாம் என விட்டிருந்தார்கள். நம் ஊர் ஆண்கள் ஒவ்வொரு தரமும் வேண்டாம் என்று கை தூக்கினார்கள். கடைசியில் மாநிலம் கட்டாயப்படுத்தித்தான் அது வந்தது. நான் வந்தபோது அது வந்து கன நாள் இல்லை. “கடல் தின்னுற ஊரிலை எனக்குக் கை இருந்தது. இத்தனை மலை நிக்கிற ஊரிலை இல்லாமல் போச்சு” என்று ஒருநாள் சொன்னீர்கள். நீங்கள் சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பனிக்காலம் முடியும்போதுதான் எங்கள் பிரச்சினை தொடங்கியது. ஹோட்டலை மூடினால் எங்களுக்குப் படுக்க இடம் இல்லை. நானும் என்னோடு இருந்த இரண்டு தமிழ்ப் பொடியளும் ஹோட்டல் நிலவறையில்தான் படுத்தோம். ஊரில் வேறு இடம் கிடைக்காவிட்டால் மாநிலம் எங்களைத் தூரத்து அகதி விடுதி ஒன்றுக்கு அனுப்பும், வேலை போகும். பழைய பள்ளிக்கூடத்துக்கு மேலே ஒரு வீடு வெறுமனே கிடந்தது. அது ஊரின் சொத்து. அதை எங்களுக்கு வாடகைக்கு விடுவதா என்று ஊர்க்கூட்டம் சொல்லவேண்டும்.

“நீயும் வா” என்றீர்கள்.

“எனக்கு அங்கை என்ன வேலை?”

“உன்ரை வீட்டைப் பற்றிக் கதைக்கப் போகினம். நீ நிலவறையிலை இருந்து விரிப்பு மடிக்கப்போறியோ?”

மண்டபத்துக்குள் வந்து உங்களுக்குப் பக்கத்தில் நடு வரிசையில் இருந்தேன். அப்போதைய தலைவர், பசு வளர்ப்பவர், மணியை அடித்துவிட்டு வழக்கமான கேள்வியைக் கேட்டார். வாக்குரிமை இல்லாதவர் ஆராவது வரிசைக்குள் இருக்கிறார்களா? எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. சுவரோரமாய், மேற்சட்டைகள் தொங்கும் கொளுவிகளுக்குக் கீழே, ஒரு மரவாங்கு. வாக்கு இல்லாதவர்கள் அங்கேதான் இருக்கவேண்டுமாம்.

நான் எழும்பவில்லை. “கதை என்ரை வீட்டைப் பற்றி. நான் ஏன் சுவரோரம் போகவேணும்?” என்று உடைந்த ஜேர்மனில் கேட்டேன். அது பிழையான கேள்வி என்று இன்றுவரைக்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

நீங்கள்தான் என் முழங்கையைத் தட்டினீர்கள். “போய் இரு, குலம். அந்த வாங்கிலை நான் எத்தனை வருசம் இருந்தனான் தெரியுமோ? சூடாக்கித்தான் வைச்சிருக்கிறன்.”

போய் இருந்தேன். யாருடையதோ ஈரக் கம்பளிச் சட்டை என் தலையில் உரசிக்கொண்டிருந்தது.

அன்று எங்களுக்கு எதிராய் முதலில் எழும்பியவர் அடுப்புத் திருத்துகிறவர். பெரிய மீசை, பெரிய குரல். இவர்கள் இன்றைக்கு இருப்பார்கள், நாளைக்குப் போய்விடுவார்கள், ஊர் வீடு ஊராருக்கு என்றார். சிலர் ஆமோதித்து மேசையில் தட்டினார்கள்.

நீங்கள் எழும்பினீர்கள். கன்னம் சிவந்திருந்தது. “எங்கடை ஊரிலை தண்ணி ஏறினால், மேட்டிலை நிக்கிற எல்லாரையும் எண்ணுவம். அறுவடைக்கு வந்த கூலியாளும் அந்த எண்ணிக்கையிலை வருவான். தண்ணி வடிஞ்ச பிறகு அவனைக் கழிக்கிறேல்லை.”

“இஞ்சை கடல் இல்லை, அம்மா” என்றார் மீசைக்காரர். மண்டபம் சிரித்தது.

“ஓம், பனி இருக்கு. போன மாசம் உங்கடை மாட்டுக்கொட்டில் பாதையைச் சவளாலை வெட்டித் திறந்தது ஆர்? அண்டைக்கு நீங்கள் எண்ணிப் பாக்கேல்லையோ?”

இந்தமுறை மண்டபம் அவரைப் பார்த்துச் சிரித்தது. எங்களைத்தான் சொன்னீர்கள். அன்று அவர் கோப்பிகூடத் தரவில்லை என்பதை நான் அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

வாக்கெடுத்தார்கள். நீங்கள் கையைத் தூக்கியதைப் பார்த்தேன். சவர்க்காரம் தின்று வெடித்த கை. எண்ணி முடியும்வரை அது கீழே வரவில்லை. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நானும் என் கையைத் தூக்கிவிட்டேன், சுவரோரத்தில் இருந்தபடி. எண்ணுகிறவர் தடுமாறி என்னைச் சுட்டிக்காட்டினார். தலைவர், “கையை இறக்குங்கோ, இது எண்ணப்படாது” என்றார்.

“எண்ணாட்டில் எண்ணாதேங்கோ. கை என்ரை” என்றேன். இறக்கவில்லை.

திரும்ப எண்ணினார்கள், என்னை விட்டுவிட்டு. ஒரு சில கைகள் கூடி வென்றோம். அதுவும் ஒரே ஒரு வருடத்துக்குத்தான், அடுத்த வருடம் மறுபடியும் பார்ப்போம் என்ற நிபந்தனையோடு. மனிதருக்கு வீடு கொடுப்பதிலும் கஞ்சத்தனம் என்று எனக்கு ஆத்திரம். நீங்கள் வாசலில் நின்று உங்கள் வலது கையை இடது கையால் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

“முதல் தரம்” என்றீர்கள். “இந்த ஊரிலை இண்டைக்குத்தான் தூக்கினனான். வாக்கு வந்த பிறகும் வரிசையிலை சும்மா இருந்தனான். கோபத்திலை. பிந்தித் தந்ததுக்கு ஏன் தூக்கவேணும் எண்டு.”

அப்போதுதான் தெரிந்தது அக்கா, நீங்கள் என்னைவிடப் பிடிவாதக்காரி என்று.

கூட்டம் முடிந்தால் எல்லாருக்கும் ஒரு கிளாஸ் வைன் கொடுப்பது வழக்கம். வாக்கு இல்லாதவனுக்கும் உண்டு. மீசைக்காரர் கிளாஸோடு என்னிடம் வந்தார். “நான் எதிர்த்துத்தான் தூக்கினனான்” என்றார். “தெரியும்” என்றேன். “அந்த வீட்டு அடுப்பு உடைஞ்சு கிடக்கு. நாளைக்கு வந்து திருத்திறன்.” நான் கை கொடுக்கவில்லை. அடுப்பைத் திருத்த விட்டேன். நன்றாய்த்தான் திருத்தினார். அந்த அடுப்பில்தான் உங்களுக்கு முதல் முதல் புட்டு அவித்துத் தந்தேன். “மணல் மாதிரி இருக்கு, ஆனால் நல்ல மணல்” என்று சொல்லி இரண்டாம் தரமும் வாங்கினீர்கள்.

பொடியள் இரண்டு பேரும் பிறகு போய்விட்டார்கள். ஒருவன் எம்மன்புரூக்கே என்ற ஊருக்கு, மற்றவன் பீல் நகரத்தில் ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலைக்கு. “அண்ணை, அங்கை எங்கடை சனம் இருக்கு, கோயில் வரப்போகுது. நீங்கள் ஏன் இந்தக் குளிருக்குள்ளை தனியக் கிடக்கிறியள்?” என்று இன்றும் கேட்கிறார்கள். எனக்கு ஒரு வாக்கு வரவேண்டியிருந்தது, அதனால் கிடந்தேன். குடியுரிமைக்குக் கேட்டபோது இதே ஊர்க்கூட்டம் முதல் தரம் மறுத்தது. மறுத்தவர்களின் முகம் எல்லாம் எனக்கு ஞாபகம். இரண்டாம் தரம் நான் வெளியே நிற்க, உள்ளே நீங்கள் எழும்பிக் கதைத்தீர்களாம், கிடைத்தது. என்ன சொன்னீர்கள் என்று கடைசிவரை எனக்குச் சொல்லவில்லை. “விரிப்பைப் பிடி” என்று மட்டும் சொன்னீர்கள்.

நீங்கள் காலமானபோது தேவாலயத்தில் உங்களை நல்ல சலவைக்காரி என்றார்கள், அமைதியானவர் என்றார்கள். நான் பின்வரிசையில் இருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அமைதியானவராம்!

போன கிழமை தலைவரின் வீட்டுக்குப் போனேன். இப்போதைய தலைவர் அந்த மீசைக்காரரின் மகன். அவர் மேசையில் மூன்று கிளிப்புகளை வைத்து, நடுவே அவருடைய பாண் கூடையை வெறுமையாக்கி வைத்தேன். “ஊர்கள் மூண்டும் இருக்கட்டும். கந்தோர் ஒண்டாகட்டும். கடற்கரையிலை அப்பிடித்தான் செய்யினம்” என்றேன்.

ஒரு கிளிப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “அப்பா சொல்லியிருக்கிறார், சலவையறை அம்மாவின்ரை கடல் கதை” என்றார். பிறகு, “கூட்டத்திலை எழும்பிச் சொல்லுங்கோ. நான் எதிர்த்துத்தான் தூக்குவன். எண்டாலும் சொல்லுங்கோ, சனம் கேக்கவேணும்” என்றார். இந்த முறை நான் கை கொடுத்தேன். தகப்பனுக்குக் கொடுக்காமல் விட்டதையும் சேர்த்து.

வெல்வேனா தெரியாது. முன்வரிசையில் இருப்பவர்கள் பலர் என் யோசனைக்குத் தலையாட்டத் தொடங்கியிருக்கிறார்கள் என்று பால்காரப் பெண் சொன்னாள். இன்று தோற்றால் அடுத்த கூட்டத்திலும் எழும்புவேன். எதிர்ப்பவர்கள் என் வயதைத்தான் நம்பியிருக்கவேண்டும், என் களைப்பை நம்பக்கூடாது.

சட்டை ஆறிவிட்டது. போட்டுக்கொண்டு வெளிக்கிடவேண்டும். வழியில் ஹோட்டலுக்குப் போய் ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போகிறேன். எரித்திரியாவில் இருந்து வந்தவள், பெயர் செலாம். நம் சலவையறையில்தான் வேலை. பழைய பள்ளிக்கூடத்துக்கு மேலே இருக்கும் அதே வீட்டில்தான் இப்போது அவளும் பிள்ளையும். ஊர் கலைந்தால் அந்த வீடு யாருக்கு என்று அவளுக்கும் தெரியவேண்டும். நேற்றுச் சொன்னபோது, “எனக்கு அங்கே என்ன வேலை?” என்று கேட்டாள்.

நான் இப்போது வரிசைக்குள் இருப்பவன். அவளைச் சுவரோரத்துக்கு அனுப்பத்தான் வேண்டும், அந்தக் கேள்வியை இன்றும் கேட்பார்கள். அவள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரம் அவள் முழங்கையைத் தட்டிச் சொல்ல என்னிடம் ஒரு சொல் இருக்கிறது, நீங்கள் தந்தது.

“போய் இரு பிள்ளை. சூடாக்கித்தான் வைச்சிருக்கிறம்.”

உங்கள்
குலம்