ஊற்றிய கணக்கு, வெந்த கணக்கு

மார்ச் 4

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்கால் வலி இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். பேத்தியை உடனே அனுப்பிவைக்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள். பசை ஆலைத் தொட்டியில் என்ன வேகிறது என்று பார்ப்பதெல்லாம் ஒரு வேலையா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த வரியை அவளிடம் காட்டவில்லை.

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே புரிகிற மாதிரி சொன்னாள். தொட்டிக்குள் பத்துச் சரக்கு இருக்கிறதாம். ஒன்று குறைந்தால் இன்னொன்று ஏறும், அது ஏறினால் வேறொன்று இறங்கும். பத்தையும் துரத்தினால் ஒன்றையொன்று பிடித்து இழுத்து ஆளை அலைக்கழிக்கும். இவள் துரத்தவில்லை. உள்ளே நடக்கிற வேதிவினை இரண்டுதான்; அவை ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் வெந்தன என்று தனித்தனிக் கணக்கு. வெளியிலிருந்து ஊற்றியதற்கு ஒன்று, வெளியே எடுத்ததற்கு ஒன்று. ஒன்றின் வாலை இன்னொன்று மிதிக்காது. "இந்த நாலை வச்சு அந்தப் பத்தையும் திருப்பி எடுத்துடலாம் பாட்டி" என்றாள்.

சில நாள் பசை தொட்டிக்குள்ளேயே கல்லாகிவிடுகிறது. உளியால் கொத்தித்தான் எடுக்கிறார்கள். எப்போது இறுகும் என்று இவள் கணக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். மே மாதம் சோதனை. அதில் கணக்கு தவறினால் மேனேஜர் வேலையை விட்டு நிறுத்திவிடுவார். அப்படி ஆனால் நானே ரயிலேற்றி உங்களிடம் அனுப்புகிறேன். இது என் வாக்கு.

பேத்தியின் அம்மாவைப் பெற்றவள்


மார்ச் 19

மதிப்புக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, விசாரித்ததற்கு நன்றி. பசை கல்லானால் உளியை யார் கையில் கொடுப்பார்கள் என்று எழுதவில்லையே, அதையும் கேட்டு வையுங்கள்.

இங்கே என் சின்ன மகனின் அலுவலகத்தில் ஜன்னலோரம் ஒரு மேசை அவளுக்காகக் காலியாக இருக்கிறது. மின்விசிறிக்கு நேர் கீழே. அவள் கெட்டிக்காரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அந்த மூளை எங்கள் பக்கத்துச் சொத்து. அதைப் பசைத் தொட்டியில் போட்டுக் கரைக்கிறீர்களே என்றுதான் வருத்தம். வாக்கு ஞாபகமிருக்கட்டும்.

பேத்தியின் அப்பாவைப் பெற்றவள்


மே 20

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

சோதனை தோற்றுவிட்டது. கணக்கு சொன்ன நேரத்துக்கு வெகு முன்னாலேயே பசை இறுகிப்போனது. "உன் நாலு கணக்கையும் மடிச்சு வீட்டுக்குக் கொண்டு போம்மா" என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொன்னாராம்.

வெள்ளிக்கிழமை ரயிலுக்குச் சீட்டு எடுத்தாயிற்று. அவள் சாப்பிடவில்லை, அழவுமில்லை. சோதனைத் தாள்களையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மேசையைத் துடைத்து வையுங்கள். வந்ததும் ஒன்றும் கேட்காதீர்கள், அது போதும்.

பேத்தியின் அம்மாவைப் பெற்றவள்


மே 24

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

ரயில் போய்விட்டது. இவள் ஏறவில்லை. என் மேல் கோபப்படுமுன் முழுக்கப் படியுங்கள்.

வாடகை வண்டி வாசலுக்கு வந்த பிறகு, "வண்டியை ஆலைக்கு விடச் சொல்லு பாட்டி" என்றாள். நானும் பெட்டியோடு ஏறிக்கொண்டேன். நேரே போய் மேனேஜரிடம் தாளை நீட்டினாள்.

"சார், வெந்த கணக்கு ரெண்டும் உள்ள போன சரக்குக்குத் தக்கபடிதான் இருக்கு. எடுத்ததும் சரி. ஊத்தின கணக்குதான் உதைக்குது. கெட்டியாக்குற மருந்து, நீங்க எழுதினதைவிட அதிகமா உள்ள போயிருக்கு."

"வால்வை மூடினவன் நான்தாம்மா. கணக்கு தப்பாப் போனா குழாயைக் குத்தம் சொல்லுவியா?"

"எல்லாம் ஒண்ணாக் கிடந்திருந்தா எங்க தப்புன்னு எனக்கே தெரிஞ்சிருக்காது சார். தனித்தனியா இருக்கறதாலதான் சொல்றேன். கழட்டிப் பாருங்க."

கழற்றினார்கள். உள்ளே இருந்த வாஷர் ஒரு பக்கம் தேய்ந்து கிடந்தது. மூடின வால்வு வழியாகவே மருந்து சொட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. மேனேஜர் அந்த வாஷரை விரலில் மாட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

புது வாஷர் போட்டு மறுபடி ஓட்டினார்கள். இறுகும் என்று இவள் சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் தொட்டியைத் திறந்தார்கள். பசை தேன் மாதிரி இறங்கியது. அடியில் வேண்டுமென்றே விட்டுவைத்த மிச்சம், சொன்ன நேரத்துக்குக் கல்லானது. "இனிமே எல்லாத் தொட்டிக்கும் இந்தப் பொண்ணு கணக்குதான்" என்று மேனேஜர் சத்தமாகவே சொன்னார். நான் பெட்டியின் மேல் உட்கார்ந்து கேட்டேன்.

மேசைக்கு வேறு ஆள் பாருங்கள். மூளை எங்கள் பக்கம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பேத்தியின் அம்மாவைப் பெற்றவள்


ஜூன் 2

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இந்த முழங்காலோடு ரயிலடியில் நின்று பெட்டி பெட்டியாகத் தேடினேன். உங்களைத் திட்டிக்கொண்டேதான் வீடு திரும்பினேன். பிறகு உங்கள் கடிதம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டினேன். எதிர்வீட்டுக்காரி கேட்கவில்லை, அவளுக்கும் வாசித்தேன்.

மேசை மேல் என் மகன் பழைய செய்தித்தாள் அடுக்குகிறான். அடுக்கட்டும்.

வண்டியைத் திருப்பின பிடிவாதம் உங்கள் பக்கம், ஒப்புக்கொள்கிறேன். மூளையை விட்டுத்தர மாட்டேன். யார் மாதிரி என்று அவளையே கேட்டு எழுதுங்கள்.

பேத்தியின் அப்பாவைப் பெற்றவள்


ஜூன் 10

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

கேட்டேன். தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் ஊத்தின கணக்கு பாட்டி. வெந்தது என் கணக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

இதற்குப் பதில் இருந்தால் நீங்களே அவளிடம் நேரில் சொல்லுங்கள். அடுத்த மாதம் பெரிய பெரிய பேராசிரியர்கள் முன்னால் இந்தக் கணக்கைப் பற்றிப் பேசப் போகிறாள். முன்வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாற்காலி கேட்டு வாங்கியிருக்கிறாள். கால் நீட்ட ஒரு முக்காலியும் சொல்லிவைத்திருக்கிறேன். வாருங்கள்.

அவள் பாட்டிகளில் ஒருத்தி