அப்பாவின் இரும்பு

பிப்ரவரி 6
மறுபடியும் சோர்வு. கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா பார்த்துவிட்டாள். "அட்ராக்டா, இரும்பு டானிக்கை ஒழுங்கா குடிக்கிறியா?" குளிர்காலம் முழுக்கக் குடித்தாயிற்று. பாலினா டவுன் கிளினிக்கில் ரத்தம் கொடுத்து வந்தேன், டெஸ்ட்டுக்கு.

பிப்ரவரி 14
இரும்பு குறைவில்லையாம். கூடுதலாம்! நர்ஸ் டிம்ப்னா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்: "அடுப்பெரிக்கக் கொட்டகையில அடுக்கி வெச்ச கரிமண் கட்டி மாதிரிதான் ஃபெரிட்டின், உடம்பு சேர்த்து வெச்ச இரும்பு. சதுப்பிலேர்ந்து அதை ஏத்தி வர்ற டிரெய்லர்தான் ரத்தம்; அது எவ்வளவு நிரம்பி வருதுங்கறது இன்னொரு கணக்கு. உனக்குக் கொட்டகை வழியுது, டிரெய்லரும் முக்கால்வாசிக்கு மேல நிரம்பி வருது." இதில் டானிக் வேறு! எங்கள் மாயோ மாவட்டத்தில் இந்தக் கூத்து அடித்தது நான் மட்டும் இல்லையாம். மரபணு டெஸ்ட்டுக்கும் ரத்தம் எடுத்தாள்.

மார்ச் 3
இரும்பை உடம்பில் தேக்கிவிடும் கோளாறான மரபணு எனக்கு இரண்டு. அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று.
அப்பா எதில் போனார் என்று டாக்டர் ஃபாலன் கேட்டார். கல்லீரல் என்றேன். "குடிப்பாரா?"
சுருக்கென்றது. சொட்டுக்கூட இல்லை. குடிக்கவே மாட்டேன் என்று பதினாறு வயதில் சபதம் எடுத்து, அதற்கு அடையாளமாகச் சாகும்வரை கோட்டில் திரு இருதயச் சின்னம் குத்தியிருந்த மனுஷன். ஆனாலும் முப்பது வருஷத்துக்கு முன் அவர் சாவு வீட்டில் எங்கள் டீயை உறிஞ்சிக்கொண்டே ஊர் முணுமுணுத்தது — மாட்டுக்கொட்டகையில் பாட்டில் ஒளித்து வைத்திருந்தாராம். சவப்பெட்டியை மூடுமுன் அம்மா அந்தச் சின்னத்தைக் கழற்றிவிட்டாள்.
அப்பாவுக்கு இருந்த சர்க்கரை வியாதி, வெண்கல நிறத் தோல், மடங்காத விரல்முட்டிகள். சொல்லச் சொல்ல டாக்டர் தலையாட்டினார். "போனவருக்கு டெஸ்ட் பண்ண முடியாது. ஆனா பெரும்பாலும் இதுதாம்மா. உங்க தம்பியை உடனே வரச் சொல்லுங்க."

மார்ச் 4
தம்பி கால்மன் டெஸ்ட்டுக்கு வரமாட்டானாம். "கல்லீரல் கெட்டிருக்குன்னு வந்தா? அப்பனும் குடிகாரன், பிள்ளையும் குடிகாரன்னு பேசுவானுங்க. போக்கா, வேலையப் பாரு."
அவன் விரல்முட்டிகளும் வீங்கித்தான் இருக்கின்றன. அப்படியே அப்பாவின் கை. பயமாக இருக்கிறது.

மார்ச் 10
சேர்ந்த இரும்பைக் குறைக்க எனக்கு முதல் தடவை ஒரு பை ரத்தம் இறக்கினார்கள். இனி வாராவாரம். கால்மன் இன்னும் டெஸ்ட்டுக்குப் போகவில்லை.

மார்ச் 16
இன்று சாப்பாட்டு மேசையில், கால்மனையும் வைத்துக்கொண்டு, அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தாள்.
"அப்போ... அவர் நிஜமாவே குடிக்கலையா?"
அம்மாவுமா? முப்பது வருஷமாக, அவளுமா?
கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பி பக்கம் திரும்பினாள். "வருஷம் தவறாம மாட்டுக்கெல்லாம் டெஸ்ட் எடுக்கிறியே, நீ மட்டும் என்ன உசத்தி? நாளைக்கே போற."

ஏப்ரல் 9
கால்மனுக்கும் அந்த மரபணு இரண்டு. ஃபெரிட்டின் என்னைவிட இரண்டு மடங்கு. கல்லீரல் இன்னும் தாங்கிக்கொண்டிருக்கிறது, தாமதமாகவில்லை என்றார் டாக்டர். அப்பாடா. ரத்தம் இறக்கும்போது டிம்ப்னாவிடம் சொன்னானாம்: "கறக்கும்போது மாடு ஏன் உதைக்குதுன்னு இப்பத்தான் தெரியுது."

மே 11
அப்பாவின் நினைவுப் பூசை. அம்மாவின் கோட்டில் திரு இருதயச் சின்னம். கோயில் வாசலில் பக்கத்து வீட்டு மிஸஸ் கின்டி சிரித்தாள். "என்ன பிரைடி, இந்த வயசுல சபதமா?"
"இது எம்புருஷனோடது," என்றாள் அம்மா, வாசலில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி. "அவர் சொட்டுக்கூடத் தொட்டதில்ல. இரும்புதான் அவரைக் கொன்னுச்சு."
காரில் ஏறியதும், "நானே நம்பலையேடா," என்று அழுதாள். கால்மன் வண்டியைக் கிளப்பாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.