ராட்டினக்காரருக்குத் தலைசுற்றல்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே மூவரும் சுகம். அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்த ஒரு வரியை மனம்விட்டு எழுத முடிவதால்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லியிருந்தால் நான் பாதியில் அழுதிருப்பேன், நீயும் பாதியில் வேலை வந்துவிட்டது என்று வைத்திருப்பாய்.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். இரண்டு மாதமாக அப்பாவுக்குத் தலைசுற்றல். படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் அறையே கவிழ்கிற மாதிரி இருக்கிறதாம். அலமாரியின் மேல்தட்டை அண்ணாந்து பார்த்தாலும் அதே கதி. பூங்காவில் இருபத்தாறு வருஷமாக ஊரையே சுற்றவிட்டவர், நாற்காலியின் கைப்பிடியை விடாமல் உட்கார்ந்தபடியே தூங்கினார். அண்ணாந்து பார்க்காமல் ராட்டினம் ஓட்ட முடியாதே, வேலைக்கும் லீவு சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுத் தையல்காரர், "எல்லாரையும் சுத்தவிட்டீங்களே, இப்ப உங்க முறை" என்று சொல்லிப் பார்த்தார். அப்பா சிரிக்கவில்லை. தலைக்குள் ஏதோ பெரிய வியாதி என்று மனதுக்குள் முடிவுகட்டியிருந்தார். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

என் வேலை உனக்குத் தெரியும். தலைசுற்றல் என்று வருகிறவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து, கோளாறு காதிலா மூளையிலா என்று டாக்டர் கண்டுபிடிக்க உதவுவது. பெற்ற மகளே இந்த வேலையில் இருந்தும் அப்பா வரமாட்டேன் என்றார். "தலை சுத்துதுன்னா கண்ணைப் பார்த்து என்னத்தைக் கண்டுபிடிப்பே?" என்று கேட்டார். கடைசியில் அம்மா, இனி நானும் நாற்காலியில்தான் தூங்குவேன் என்று அவர் பக்கத்தில் ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டே நாளில் வழிக்கு வந்தார்.

சொந்த அப்பாவை நானே சோதிப்பதா என்று தயங்கினேன். டாக்டரம்மா, "பதிவு முழுக்க நான் பார்க்கப்போறேன். நீ தைரியமா பண்ணு" என்றார்.

கேமரா வைத்த கண்ணாடியை மாட்டியதும் நீச்சல் போட்டிக்கு வந்தவர் மாதிரி இருந்தார். தாவித் தாவிப் போகிற சிவப்புப் புள்ளியைத் தலையை ஆட்டாமல் கண்ணால் மட்டும் பிடிக்கச் சொன்னேன். பிறகு மெல்ல நகர்கிற புள்ளி. திரையில் கோடுகள் ஒழுங்காக வந்தன. மூளையில் கோளாறென்றால் பெரும்பாலும் இங்கேயே ஏதாவது இடறும். எனக்குப் பாதி மூச்சு வந்தது.

அடுத்து, அவர் தலையை வலப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு சட்டென்று பின்னால் சாய்த்துப் படுக்கவைத்தேன். மூன்று நொடி ஒன்றுமில்லை. பிறகு என் கையை இறுக்கிப் பிடித்தார். திரையில் அவர் கண்மணிகள் இரண்டும் மேலே துள்ளித் துள்ளி, தரைப்பக்கமிருந்த காதை நோக்கிச் சுழன்றன. அரை நிமிஷத்தில் தாமாக அடங்கின. தம்பி, அப்பாவுக்குத் தலை சுற்றுவதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட மகள் வேறெங்கும் இருக்கமாட்டாள். அந்தத் துள்ளல் எனக்கு அத்துப்படி. காதுக்குள் இருக்கிற பொடிப் பொடியான சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி, போகக்கூடாத குழாய்க்குள் போய்விட்டன, அவ்வளவுதான். தலையை முறையாகத் திருப்பியே அவற்றை இருந்த இடத்துக்கு அனுப்பிவிடலாம்.

ஆனாலும் சோதனையை முழுதாக முடிக்க வேண்டுமே. இரண்டு காதும் சமமாக வேலை செய்கின்றனவா என்று பார்க்க, ஒவ்வொரு காதிலும் சூடான காற்று ஒரு தடவை, குளிர்ந்த காற்று ஒரு தடவை ஊதுவோம்; அதற்குத் தலை சுற்றிக் கண் அசையும். கண்ணாடியை மூடிவிடுவதால் உள்ளே கும்மிருட்டு. அந்த நேரத்தில் ஆளைப் பேசவைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மனம் சும்மா இருந்தால் கண்ணும் அடங்கிவிடும். மிருகங்களின் பெயர் சொல்லச் சொன்னேன். ஆடு, மாடு, நாய் என்று வந்து, நாயிலேயே நின்றுவிட்டார். எனக்கு என்ன தோன்றியதோ, உன்னை நினைத்து, நம்ம வாலுப்பையன் சின்ன வயசில் எப்படி இருந்தான் என்று கேட்டுவிட்டேன்.

மூன்று வருஷமாக உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவர், எழ முடியாமல் படுத்திருந்தார். பிறகு, "ஆறு வயசுல முதல் தடவையா ஏத்தினேன். உச்சியில நின்னப்ப அழுவான்னு பார்த்தேன். இன்னொரு சுத்து விடுப்பான்னு கத்தினான்" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. நீ பள்ளிக்கூடம் போகாமல் ராட்டினத்து மோட்டார் அறையில் ஒளிந்தது, கிரீஸைப் பூசிக்கொண்டு மீசை என்று காட்டியது எல்லாம் வந்தது. கடைசிக் காற்று ஊதும்போது குரல் இறங்கிவிட்டது. "எனக்கப்புறம் ராட்டினத்தைப் பார்த்துக்கோன்னேன், மாட்டேன்னான். கோபம். அதுக்காக, அவன் கிளம்பின அன்னிக்கு வாசலுக்குக்கூட வராம இருந்திருக்கக் கூடாது" என்றார்.

காதுகள் இரண்டும் பழுதில்லை. டாக்டரம்மா பதிவைப் பார்த்துவிட்டு, நான் நினைத்ததையே சொன்னார். அங்கேயே அப்பாவின் தலையை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி நிறுத்தி, தோளோடு உருட்டி, எழுப்பி உட்காரவைத்தார். சற்று நேரம் கழித்து மறுபடி படுக்கவைத்துப் பார்த்தால், கண் அசையவே இல்லை. நம்பாமல் அப்பா தானே இரண்டு தடவை படுத்துப் படுத்து எழுந்தார். அன்று வீட்டில் கட்டிலில் குறுக்காகப் படுத்துக் குறட்டை விட்டதில், அம்மா அந்த நாற்காலியிலேயே தூங்க வேண்டியதாகிவிட்டது.

போன வாரம் வேலைக்குத் திரும்பினார். முதல் சுற்றுக்கு அம்மாவைப் பிடித்து ஏற்றினார். இத்தனை வருஷம் ஏறாதவள், உச்சியில் கண்ணை மூடிக்கொண்டு அப்பாவைத் திட்டிக்கொண்டே வந்தாள். அப்பா கீழே நின்று அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடியைக் கழற்றும்போது, "இதையெல்லாம் அவனுக்கு எழுதித் தொலைக்காதே" என்றார். நேற்று, எழுதிட்டியா என்று கேட்டார். அதனால் எழுதிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. காலை பத்து மணிக்கு, போனை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு நானும் அம்மாவும் கடைக்குப் போய்விடுவோம். நீ கூப்பிடு. எடுத்ததும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கமாட்டார். அங்கே மழையா என்றுதான் கேட்பார். வெயில் கொளுத்தினாலும் மழை என்றே சொல். குடை இருக்கா என்று அடுத்து கேட்பார். அதற்குப் பிறகு பேச்சை நீ தேட வேண்டியதில்லை.

எங்கிருந்தாலும் நிறைவாக இரு, தம்பி. செவ்வாய்க்கிழமையை மட்டும் மறந்துவிடாதே.

என்றும் உன் நலம் நாடும்,
அக்கா